ஸஜ்தாவைத் தேடிய யூத ஹகீம்



சற்று நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்து, இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

கடந்த தவணையில் ஒரு நாள், வராத ஆசிரியர் ஒருவருக்குப் பதிலாக நாம் தரம் பத்து வகுப்பில் இருந்தோம். பிள்ளைகள் லுஹர் தொழுதுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்கள். சிலரது சட்டைக் கைகளில் வுழூவின் ஈரம் காயவில்லை. முன்வரிசையில் ஒருவன் கேட்டான்:

"சேர், யூதனுகளும் தொழுவானுகளா?"

"தொழுவாங்க மகன்."

"யார?"

நாம் வாய் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து பதில் வந்தது. "மூஸா நபிய." இன்னொருவன், "இல்லடா, உஸைர" என்றான். மூன்றாமவன் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அவனைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. காஸாவிலிருந்து வரும் படங்களைக் கையடக்கத் தொலைபேசியில் பார்த்துப் பார்த்து வளரும் பிள்ளைகள் இவர்கள். அந்த வேதனை எமக்கும் உண்டு. அநியாயத்தை அநியாயம் என்று சொல்ல எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது அரசியல் கேள்வி அல்ல. யூதர்கள் எப்படி, யாரை வணங்குகிறார்கள் என்று கேட்டான். அதற்கு எம்மிடம் ஒழுங்கான பதில் இல்லை என்பதுதான் எம்மை உறுத்தியது.

யோசித்துப் பாருங்கள். பனூ இஸ்ராஈல் பற்றி நாம் குர்ஆன் மத்ரஸா காலத்திலிருந்தே கேட்டு வருகிறோம். காளைக்கன்று, மன்னு ஸல்வா, கடல் பிளந்தது, சனிக்கிழமை மீன் பிடித்தது. அத்தோடு கதை நின்றுவிடும். அந்தச் சமூகம் இன்றும் காலையில் எழுந்து என்ன சொல்லித் தன் இறைவனை அழைக்கிறது என்று யாரும் எமக்குச் சொல்லித் தரவில்லை. நாமும் கேட்கவில்லை. கலாசாலையில் வரலாறு படித்த காலத்திலும் கேட்கவில்லை. அன்று வகுப்பில் "அடுத்த கிழமை சொல்றேன்" என்று சமாளித்துவிட்டு வந்து தேடத் தொடங்கினோம். தேடியதில் கிடைத்ததைத்தான் இங்கே பகிர்கிறோம்.

முதலில் அடிப்படை. யூதர்களுக்கு ஒரு நாளில் மூன்று வேளைத் தொழுகை. காலையில் ஷஹரித், பிற்பகலில் மின்ஹா, இரவில் மஆரிவ். இந்த மூன்றும் எங்கிருந்து வந்தன என்று அவர்களது தல்மூதில் இரண்டு கருத்துகள் உண்டு. பைத்துல் முகத்தஸில் இருந்த ஆலயத்தில் தினமும் கொடுக்கப்பட்ட பலிகளுக்கு ஈடாக வந்தவை என்பது ஒன்று. அந்த ஆலயத்தை ரோமர்கள் கி.பி. 70இல் அழித்துவிட்டார்கள், அதன் பின் பலி இல்லை, தொழுகை மட்டுமே மிஞ்சியது. மற்றக் கருத்துதான் எம்மை நிமிர்ந்து உட்கார வைத்தது. காலைத் தொழுகையை ஏற்படுத்தியவர் இப்ராஹீம் நபி (அலை), பிற்பகல் தொழுகையை ஏற்படுத்தியவர் இஸ்ஹாக் நபி (அலை), இரவுத் தொழுகையை ஏற்படுத்தியவர் யஃகூப் நபி (அலை) என்பது அது. விடியற்காலையில் இறைவன் முன் போய் நின்ற இப்ராஹீம், மாலை சாயும் நேரம் வயல்வெளிக்குப் போன இஸ்ஹாக், பயணத்தில் சூரியன் மறைந்ததால் ஓரிடத்தில் தங்கிய யஃகூப் என்று தவ்ராத்தில் வரும் மூன்று சம்பவங்களை அதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

இந்த மூன்று வேளையின் மையம் 'அமீதா'. நிற்றல் என்று பொருள். பெயருக்கு ஏற்றபடி நின்றுதான் ஓத வேண்டும். கால்கள் இரண்டையும் சேர்த்து வைத்து, முகத்தை பைத்துல் முகத்தஸ் பக்கம் திருப்பி, மூன்று அடி முன்னே வந்து தொடங்குகிறார்கள். இடையிடையே நான்கு இடங்களில் குனிகிறார்கள். முடிந்ததும் மூன்று அடி பின்னே போய், இடப்பக்கமும் வலப்பக்கமும் தலை சாய்க்கிறார்கள். எமது ஸலாமின் ஞாபகம் வராமல் இருக்குமா? (எமக்கு வலது முதலில், அவர்களுக்கு இடது முதலில்.) கூட்டாகத் தொழ, மரபுப்படி பத்து ஆண்கள் சேர வேண்டும்.

அந்த அமீதாவின் முதல் பகுதிக்கே 'பிதாக்கள்' என்றுதான் பெயர். அதில் இறைவனை வெறுமனே இறைவன் என்று அழைப்பதில்லை. இப்ராஹீமுக்கு இறைவனாக இருந்தவன், இஸ்ஹாக்குக்கு, யஃகூபுக்கு என்று ஒவ்வொருவர் பெயரோடும் தனித்தனியாக அழைக்கிறார்கள். ஏன் ஒரே தடவையில் மூவர் பெயரையும் சேர்த்துச் சொல்லக் கூடாது என்று அவர்களது அறிஞர்களே கேட்டிருக்கிறார்கள். மூவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் நம்பவில்லை, ஒவ்வொருவரும் தாமே தேடி அறிந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

இங்கே ஒன்றைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொன்னோம். தொழுகையில் நபியின் பெயர் வருவது வேறு, நபியைத் தொழுவது வேறு. நாமும் அத்தஹிய்யாத் இருப்பில் ஸலவாத் ஓதும்போது இப்ராஹீம் நபியையும் அவர்களது குடும்பத்தாரையும் சொல்லாமல் எழுந்திருப்பதில்லை. அதைப் பார்த்து யாராவது "இவர்கள் இப்ராஹீமை வணங்குகிறார்கள்" என்றால் எப்படியிருக்கும்?

"சேர், அப்ப இஸ்மாயீல் நபி?" என்று ஒருவன் கேட்டான்.

இல்லை. அந்த வரிசையில் இஸ்மாயீல் நபியின் பெயர் இல்லை. வகுப்பு சட்டென்று அமைதியானது. இதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. அவர்கள் இஸ்ஹாக்கின் வழியில் தம் வரலாற்றை எண்ணுகிறவர்கள். ஈஸா நபியையும் எமது நபி (ஸல்) அவர்களையும் அவர்கள் ஏற்பதுமில்லை. வித்தியாசம் வித்தியாசம்தான். ஆனாலும் ஒரு சுவையான விடயம் இருக்கிறது. இஸ்மாயீல் என்ற பெயரை யூதர்கள் வெறுத்து ஒதுக்கவில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரப்பி இஸ்மாயீல் என்று பெரிய அறிஞர் ஒருவர் இருந்தார். வேதத்திலிருந்து சட்டம் எடுப்பதற்கு அவர் பெயரால் வழங்கும் 13 விதிகள் இன்றும் காலைத் தொழுகையில் ஓதப்படுகின்றன.

மற்ற நபிமாரை விரைவாகச் சொல்லிவிடுகிறோம். தாவூத் நபி (அலை) அவர்களுக்கு உரியதாக அவர்கள் கருதும் சங்கீதங்கள் இல்லாமல் எந்தத் தொழுகையும் இல்லை. நாம் ஸபூர் என்கிறோம். இல்யாஸ் நபிக்கு (அலை) ஒவ்வொரு சுன்னத்துச் சடங்கிலும் ஒரு கதிரை ஒதுக்கி வைப்பார்கள். பெஸாஹ் இரவில் அவருக்கென ஒரு கிண்ணம் நிரப்பிக் கதவைத் திறப்பார்கள். யோம் கிப்பூர் என்பது இருபத்தைந்து மணித்தியாலம் வரை நீளும் அவர்களது பெரிய நோன்பு. அன்று பிற்பகல், பசியும் களைப்பும் உச்சத்தில் இருக்கும்போது, யூனுஸ் நபியின் (அலை) கதையை முழுமையாக வாசிப்பார்கள். எங்கள் உம்மும்மாமார் கஷ்டம் வந்தால் ஓதுவது யாருடைய துஆ என்று நினைத்துப் பாருங்கள்.

அமீதாவை உதடு அசைய, சத்தம் வெளியே வராமல் ஓத வேண்டும். இதைக் கற்றுத் தந்தவர் ஒரு பெண் என்கிறார்கள். பிள்ளையில்லாமல் ஆலயத்தில் அழுது பிரார்த்தித்த ஹன்னா. (நாம் அறிந்த ஹன்னா மர்யம் அலைஹஸ்ஸலாம் அவர்களின் தாயார். இவர் அவரல்ல, அவருக்குப் பல நூற்றாண்டு முந்தியவர்.) தல்மூத் எண்ணும் 48 ஆண் நபிமாரோடு ஏழு பெண்களும் உண்டு. அந்த ஏழில் இவர் ஒருவர்.

மூஸா நபி (அலை) விடயம்தான் எமக்குப் பெரும் ஆச்சரியம். பெஸாஹ் என்பதே பிர்அவ்னிடமிருந்து விடுதலை பெற்ற நாள். அன்றிரவு குடும்பமாக அமர்ந்து அந்தக் கதையை வாசிக்க ஒரு நூல் வைத்திருக்கிறார்கள். அதன் பல பதிப்புகளில் மூஸா நபியின் பெயர் ஒரேயொரு தடவைதான் வருகிறது. விடுதலை தந்தது இறைவன், மூஸா அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது என்பதற்காக என்று விளக்கம் சொல்கிறார்கள். "மூஸா நபிய" என்று பதில் சொன்ன பின்வரிசைக்காரனைப் பார்த்தோம். சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்தான்.

சரி, ஸஜ்தா?

தலைப்புக்கு இப்போதுதான் வருகிறோம். நிற்றல் இருக்கிறது, குனிதல் இருக்கிறது, கிப்லா இருக்கிறது. நெற்றியை நிலத்தில் வைப்பது மட்டும் எங்கே போனது? தவ்ராத்தில் அது நிறையவே உண்டு. இப்ராஹீம் நபி முகங்குப்புற விழுகிறார். மூஸா நபியும் ஹாரூன் நபியும் சேர்ந்து விழுகிறார்கள். ஆலயம் இருந்த காலத்தில் யோம் கிப்பூர் நாளில் மக்கள் கூட்டமாக நிலத்தில் விழுந்தார்கள். ஆலயம் அழிந்த பின், கல்தளத்தில் விழுந்து வணங்கக் கூடாது என்ற தடையும் வேறு கவலைகளும் சேர்ந்து அது மெல்ல மெல்லச் சுருங்கியது. அமீதாவுக்குப் பிறகு சொல்லும் ஒரு பிரார்த்தனைக்கு இன்றும் 'முகங்குப்புற விழுதல்' என்றே பெயர். ஆனால் பலர் செய்வது, இருந்தபடியே நெற்றியைக் கையில் சாய்ப்பது மட்டும்தான். பெயர் நிற்கிறது, செயல் போய்விட்டது. ஐரோப்பிய வழி வந்த யூதர்கள் வருடத்தில் ஓரிரு பெருநாட்களில் நிலத்தில் விழுகிறார்கள். அப்போதும் தளத்துக்கும் நெற்றிக்கும் இடையில் துணி அல்லது கடதாசி விரிப்பார்கள்.

இதை மீட்க ஒருவர் முயன்றார். எகிப்தில், எண்ணூறு வருடங்களுக்கு முன்.

அவர் பெயர் இப்ராஹீம் இப்னு மூஸா இப்னு மைமூன். ஸலாஹுத்தீன் அய்யூபி பைத்துல் முகத்தஸை மீட்டது 1187இல். அதற்கு முந்திய வருடம் பழைய கெய்ரோவான புஸ்தாத்தில் பிறந்தார். தகப்பனார் மூஸா இப்னு மைமூன், யூத உலகமே கொண்டாடும் அறிஞர், ஸலாஹுத்தீனின் அமைச்சர் காழி பாழிலுக்கு மருத்துவர். (சிறிய தகப்பனார் தாவூத் ஒரு வியாபாரி. இந்தியாவுக்குக் கப்பலேறிப் போகையில் எமது இந்து சமுத்திரத்தில் மூழ்கி இறந்தார். அவர் செங்கடல் துறைமுகமொன்றிலிருந்து நானாவுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது.)

தகப்பனாரிடமே இந்தக் கவலை தொடங்கிவிட்டது. அக்காலத்தில் அமீதாவை ஒவ்வொருவரும் மெதுவாக ஓதிய பின், தொழுகை நடத்துபவர் சத்தமாக மறுபடி ஓதுவது வழக்கம். அந்த இரண்டாவது தடவையில் சனங்கள் கதைப்பதும் துப்புவதுமாக இருந்தார்கள். பார்க்கும் முஸ்லிம்கள் என்ன நினைப்பார்கள் என்று அவர் வெளிப்படையாகவே எழுதி, இரண்டையும் ஒன்றாக்கினார். எகிப்தில் சுமார் முந்நூறு வருடம் அப்படியே நடந்தது.

1204இல் தகப்பனார் இறந்ததும் இளைஞரான இப்ராஹீம் எகிப்து யூதர்களின் தலைவரானார். பகலில் கெய்ரோ மருத்துவமனையில் வேலை. அங்கே அவரோடு பழகிய முஸ்லிம் மருத்துவர் இப்னு அபீ உஸைபிஆ, தமது மருத்துவர் வரலாற்று நூலில் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார். உயரமான, மெலிந்த உடல்வாகு, இனிய பேச்சு, தொழிலில் திறமை என்று.

இந்த இனிமையான மனிதர் தம் சமூகத்தின் தொழுமிடத்தைப் பார்த்து வருந்தினார். சனங்கள் சுவரோரமாகத் தலையணைகளில் சாய்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள். அவர் சொன்னார்: ஸப்பாக, பைத்துல் முகத்தஸ் பக்கம் முகம் வைத்து இருங்கள். தொழுமுன் கையோடு காலையும் கழுவுங்கள். துஆவில் கையேந்துங்கள். முழந்தாளிட்டு, நெற்றியை நிலத்தில் வைத்து ஸஜ்தா செய்யுங்கள்.

எதிர்ப்பு எப்படி வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இது முஸ்லிம்களைப் பார்த்துச் செய்வது, அந்நியரின் வழியில் நடக்க வேதம் தடுத்திருக்கிறது என்றார்கள். அவருடைய பதில் எமக்கு மிகவும் பிடித்தது. இது அவர்களுடையது அல்ல, எங்கள் நபிமாருடையது. நாம் கைவிட்டோம், அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிறர் செய்கிறார்கள் என்பதற்காக எமது நபிமார் செய்ததை விட முடியாது.

ஸூபிகளைப் பற்றியும் அவர் அப்படியே எழுதினார். இல்யாஸ் நபி தம் மேலங்கியை அல்யஸஃ நபிக்கு (அலை) விட்டுப் போன சம்பவத்தைச் சொல்லி, ஷெய்கு முரீதுக்கு அங்கி அணிவிக்கும் வழக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்றார். எங்கள் ஊர் தரீக்காக்காரர்கள் இதை வாசித்தால் என்ன சொல்வார்களோ தெரியாது.

எதிர்த்தவர்கள் விடவில்லை. ஸலாஹுத்தீனின் தம்பி மலிகுல் ஆதில் அப்போது ஸுல்தான். அவரிடம் போய் முறையிட்டார்கள். எங்கள் தலைவர் வணக்கத்தில் புதுமைகளைப் புகுத்துகிறார் என்று. ஆம், பித்அத் குற்றச்சாட்டு! யூதர் ஒருவர் ஸஜ்தா செய்வது பித்அத் என்று யூதர்களே முஸ்லிம் ஸுல்தானிடம் முறையிட்டிருக்கிறார்கள். இப்ராஹீம் பதில் மகஜர் அனுப்பினார். நான் இவற்றை என் சொந்தத் தொழுமிடத்தில் செய்கிறேன், எவரையும் கட்டாயப்படுத்தவில்லை என்று. அதில் சுமார் இருநூறு பேர் கையொப்பம் இட்டிருந்தார்கள்.

இதை வாசித்தபோது நாம் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்தோம். சில வருடங்களுக்கு முன் எங்கள் மஹல்லாவில் தொழுகைக்குப் பின் கூட்டு துஆ ஓதுவதா இல்லையா என்று இரண்டு மகஜர்கள் சுற்றின. ஒரு வீட்டில் நானா ஒரு பட்டியலில், தம்பி மற்றதில். அந்த இருவரும் இன்னும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போவதில்லை.

இந்தச் செய்திகளெல்லாம் எமக்குக் கிடைத்த விதமும் ஒரு கதை. நாம் குர்ஆனின் கிழிந்த தாளைக் குப்பையில் போடுவோமா? யூதர்களும் இறைவனின் பெயர் எழுதிய தாளை எறிவதில்லை. புஸ்தாத்தில் இருந்த அவர்களது தொழுமிடத்தில் அதற்கென ஓர் அறை. காலப்போக்கில் கடிதம், கணக்கு, கல்யாண ஒப்பந்தம் என்று எல்லாமே அதில் சேர்ந்தது. 1897இல் அதிலிருந்து ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குப் போயின. தாவூதின் கடிதமும் இப்ராஹீமின் கைப்பட எழுதிய தாள்களும் அந்தக் குவியலில் இருந்தவைதான். அவர் எழுதிய பெரிய நூலின் பெயர் 'கிபாயதுல் ஆபிதீன்'. பெயரைப் பார்த்தால் எங்கள் மத்ரஸா அலுமாரியில் இருக்கும் கிதாபு என்று நினைப்பீர்கள். மொழியும் அறபுதான், எழுத்து மட்டும் ஹீப்ரு. அறபு எழுத்தில் தமிழ் எழுதி வைத்த எங்கள் மூதாதையருக்கு இது புதினமாக இருந்திருக்காது. அந்த நூலில் பெரும்பகுதி தொலைந்துவிட்டது.

1237இல் அவர் இறந்தார். மகன், பேரன் என்று அடுத்த சில தலைமுறைகளும் எகிப்து யூதர்களுக்குத் தலைமை தாங்கின. ஆனால் அந்த ஸஜ்தா பொதுவழக்கமாக வேர் பிடிக்கவில்லை.

முற்றாக இல்லாமலும் போகவில்லை. தல்மூதை ஏற்காத கராயி யூதர்கள் இன்றும் தொழுமிடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பளத்தில் ஸஜ்தா செய்கிறார்கள். பலஸ்தீனத்தில் நாப்லுஸ் நகருக்கு மேலே ஜெரிஸிம் மலையில் வாழும் சின்னஞ்சிறு ஸாமிரியர் சமூகமும் அப்படித்தான். கை, முகம், கால் கழுவி, நெற்றியை நிலத்தில் வைக்கிறார்கள். இவர்கள் தம்மை யூதர் என்று சொல்வதில்லை, தவ்ராத்தையும் மூஸா நபியையும் மட்டும் பற்றிப் பிடித்தவர்கள்.

அடுத்த கிழமை இவ்வளவையும் வகுப்பில் சொல்லி முடிக்க இரண்டு பாடவேளை பிடித்தது. முதலில் கேள்வி கேட்ட பிள்ளை கடைசிவரை ஒன்றும் பேசாமல் இருந்தான். நாம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு புறப்படும்போது எழுந்தான்.

"சேர், அந்த ஹகீம் எந்தப் பக்கம் பாத்து ஸஜ்தா செஞ்சாரு?"

"பைத்துல் முகத்தஸ் பக்கம் மகன்."

"நம்மட மொத கிப்லா."

"ஓம். மதீனாவுக்கு வந்த பிறகும் பதினாறு, பதினேழு மாதம் நபியவங்க அந்தப் பக்கம்தான் தொழுதாங்க."

சுவரில் தொங்கிய உலகப் படத்துக்குப் போய் கெய்ரோவில் ஒரு விரலை வைத்தான். மற்ற விரலால் பைத்துல் முகத்தஸைத் தேடினான். இரண்டுக்கும் இடையில் அந்தப் படத்தில் ஒரு விரல் அகலம்கூட இல்லை.

"வடகிழக்கு சேர்" என்றான். மணி அடித்தது.